பச்சை டேப் ஒட்டிய நாற்காலி

சாந்தகுமாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. சக்கரம் வைத்த எதையும் கையால் தொடுவதற்கு முன் காலால் தொடுவாள். கட்டில், மருந்து வண்டி, வீல்சேர், எதுவானாலும் இடது காலின் நுனி முதலில் போய் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டும். 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகுதான் கை நீளும். சரோஜினி நகர் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் சுடிதார் பொறுக்கப் போனால்கூட, சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருக்கும் செங்கல்லை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியில் கைவைப்பாள். "க்யா கர் ரஹீ ஹோ, ஆண்ட்டி?" என்று, என்ன பண்றே எனக் கேட்டு, வண்டிக்காரன் எரிந்து விழுவான். கூடப் போன கணவர் ராஜவேல், தனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பயிற்சிக் காலத்தில் பாளையங்கோட்டையில் வந்த பழக்கம் அது. பிரேக் போடாத கட்டில் ஒன்று நழுவி, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தரையில் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு கால் தானாகவே போக ஆரம்பித்தது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. ராஜவேலுக்குச் சாணக்யபுரியில் ஓர் அரசு விருந்தினர் இல்லத்தில் வேலை. சாந்தகுமாரி ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தாள். இரண்டாம் மாடியில் ஆண்கள் வார்டு. சேர்ந்தவள் அங்கேயே மூத்தாள். டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். வார்டு அவளுடையது. யார் இன்றைக்குக் குளிப்பது, யாரை வெயிலில் உட்கார வைப்பது, யார் எழுந்து நிற்கவே கூடாது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்து வந்தால்தான் நடக்கும்.

பெரும்பாலும் யாரும் எழுந்து நிற்கவே கூடாது என்றுதான் வரும்.

"படுத்துக்கிட்டு இருக்கிற ஆள் எங்க போய் விழப்போறாவ?" என்பாள். நோயாளிகளின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, போர்வையை இழுத்து மூடி, பக்கக் கம்பியை ஏற்றிவிட்டுப் போவாள். அவர்களுக்கும் அது சுகமாக இருந்தது. வாரக்கணக்கில் தலையணை மேலேயே கிடந்த கால் பிறகு நிமிராமல் போனதை யாரும் அவள் கணக்கில் எழுதவில்லை. நோய் அப்படி என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போனார்கள்.

அப்படி இருந்த வார்டுக்குத்தான் அகல்யா வந்தாள்.

அகல்யா பிசியோதெரபிஸ்ட். சேலத்துக் குடும்பம். ஆனாலும் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான். கோயில் பலகையைத் தாண்டித் தமிழில் எதையும் படிக்க மாட்டாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தது. சாந்தகுமாரி முதல் நாளே அதைப் படித்தாள். படித்துவிட்டு, "வாங்க, பிசியோ மேடம்" என்றாள். கடைசிவரைக்கும் டாக்டர் என்று அவள் வாயில் வரவில்லை.

அகல்யா செய்த முதல் வேலை, முழங்காலுக்குக் கீழிருந்த தலையணைகளை எல்லாம் உருவி மூலையில் எறிந்தது. "சிஸ்டர், இப்படி வச்சா கால் மடங்கியே நின்னுடும். ப்ளீஸ், வைக்காதீங்க." அவள் அந்தப் பக்கம் போனதும் சாந்தகுமாரி தலையணைகளைத் திரும்ப வைத்தாள். மறுநாள் அவள் உருவினாள். இவள் வைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நோயாளிகளின் கால்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாவது வேலை, டேப். நர்சுகள் பிசியோவின் வாக்கரில் ஈரத்துண்டு காயப்போடுவார்கள், வீல்சேரில் அழுக்குத் துணி மூட்டை ஏற்றுவார்கள். பிசியோக்காரர்கள் நோயாளியை நடத்த வரும்போது எதுவும் கைக்குக் கிடைக்காது. அகல்யா பச்சை டேப் வாங்கி வந்து, தன் பிரிவுச் சாமான் ஒவ்வொன்றிலும் சுற்றி ஒட்டினாள். பச்சை டேப் இருந்தால் பிசியோவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அதற்கு மேலிடத்தில் அனுமதியும் வாங்கிவிட்டாள். யாரை எப்போது எழுப்புவது என்பதையும் இனி பிசியோவே முடிவு செய்யும், நர்சிடம் கேட்க வேண்டியதில்லை என்று நரம்பு டாக்டர் விஸ்வநாதன் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. அகல்யா வந்த பிறகு நாலைந்து பேர் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். சாந்தகுமாரியின் ராஜ்ஜியத்தில் அப்படிப் போனவர்கள் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணராமன் வந்து சேர்ந்தார்.

மந்திரி அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு முனீர்காவில். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. மனைவி ருக்கு காலையில் காப்பி பிளாஸ்க்கோடு வந்தால் சாயந்திரம்தான் போவாள். மகன் வெளிநாட்டில்.

கல்யாணராமனுக்கு ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று. தன் காலால் பாத்ரூமுக்குப் போய்வர வேண்டும். வாழ்நாளெல்லாம் கசங்காத சட்டை போட்டவர், குளிக்காமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர். பெட்பேன் வைக்கும்போது அன்றைய பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார். எடுத்துக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பேப்பர் விலகாது.

வைப்பதும் எடுப்பதும் சாந்தகுமாரி. முதலில் அதை மனசோடுதான் செய்தாள். "பேப்பர்ல என்ன சார் போட்டிருக்கு, சத்தமா வாசிங்க" என்று பேச்சுக் கொடுப்பாள். மூடிய பேப்பருக்குள்ளிருந்து அவர், "டெல்லியில் கடுங்குளிர், ரயில்கள் தாமதம்" என்று வாசிப்பார். அந்த வேலை முடிந்துவிடும். அவள் இடது கால் பிரேக்கைத் தட்டுவதை முதலில் கவனித்தவரும் அவர்தான். "நீ 'டக்'னு தட்டினாத்தான் சாந்தா நேக்குத் தைரியமே வர்றது" என்பார். அவளுக்கு அது பிடித்திருந்தது. டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் காலைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள்.

அகல்யா அவரை எழுந்து நிற்க வைத்தாள். முதல் நாள் கட்டில் ஓரத்தில் உட்காரல், அப்புறம் நிற்றல், அப்புறம் வீல்சேருக்கு மாறுதல். "அங்கிள், இந்த வாரத்துக்குள்ள நீங்க பாத்ரூமுக்கு நடந்து போறீங்க. பக்கா" என்றாள். அன்றிலிருந்து அவர் வாயில் டாக்டர் டாக்டர் என்று அகல்யாதான். சாந்தா குறைந்துபோனாள்.

ஒரு நாள் அகல்யா அவரை நிற்க வைத்துவிட்டு நாற்காலியில் இறக்கப் போகிற சமயம், மருந்தோடு வந்த சாந்தகுமாரியின் கால் தன்பாட்டுக்குப் போய் வீல்சேரின் பிரேக்கை 'டக்' என்று தட்டியது.

"சிஸ்டர், ஒன் மினிட்." அகல்யா திரும்பினாள். "அது கையால போடற லீவர். காலால உதைச்சு உதைச்சு லூஸ் ஆயிடுச்சு. பச்சை டேப் தெரியலையா?"

"தெரியுது மேடம். பிரேக்கு போட்டிருக்கான்னு பாத்தேன்."

"அதை நான் பாத்துப்பேன். நீங்க போடற ஊசியை நான் வந்து செக் பண்றேனா? ஆப் அப்னா காம் கீஜியே. உங்க வேலையைப் பாருங்க. ஊசி, மாத்திரை, பெட்பேன். அது உங்களோடது. இது என்னோடது."

பெட்பேன் என்ற வார்த்தையைக் கேட்டு எதிர்க்கட்டில்காரர் சிரித்தார். அப்போது கல்யாணராமன் வாயைத் திறந்தார். சொந்தக் காலில் நின்ற சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன். "விடுங்கோ டாக்டர். சாந்தாவுக்கு மூளை கால்ல இருக்கு. அதான் எல்லாத்தையும் அங்கேயே யோசிக்கறா!"

வார்டே சிரித்தது. ருக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாந்தகுமாரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாத்திரையை அவர் கையில் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் அவள் சப்பாத்தி இடும்போது கட்டை கீழே விழுந்தது. ராஜவேல் கேட்டதற்கு, "என் மூளை கால்லதான் இருக்காம்" என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "யாரு சொன்னா? சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்று சிரித்தார். அவள் கட்டையை எடுத்துக் கழுவி, மறுபடி இட ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து பச்சை டேப் ஒட்டிய எதையும் சாந்தகுமாரி தொடவில்லை. மற்ற நர்சுகளையும் தொட விடவில்லை. பிசியோ உட்கார வைத்துவிட்டுப் போன ஆள், பிசியோ திரும்பி வரும்வரை உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் கட்டிலில் ஒரு கிழவர், கரோல் பாகில் கடை வைத்திருந்தவர், ஒரு காலைப் பொழுது முழுக்க நாற்காலியிலேயே சரிந்து கிடந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மி, கடைசியில் வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டார். "சிஸ்டர்ஜி, லிட்டா தோ" என்று, படுக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சியவரிடம் சாந்தகுமாரி அமைதியாகச் சொன்னாள்: "பாபுஜி, பிசியோ மேடம் வருவாங்க. நாற்காலி அவங்களது."

அகல்யா வந்து பார்த்துக் கத்தினாள். "ஒரு பேஷன்டை தூக்கிப் படுக்க வைக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல மேடம். எங்க வேலை எது, உங்க வேலை எதுன்னு நீங்கதான சொன்னீங்க? உக்கார வச்சவங்களே படுக்க வைக்கட்டும். இப்பத் துணி மாத்தணும், அது எங்க வேலை. தள்ளுங்க."

விஸ்வநாதனிடம் புகார் போனது. "ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க. நான் மூளைக்கு வைத்தியம் பாக்கறேன், சண்டைக்கு இல்ல" என்று அவர் கழன்றுகொண்டார்.

கல்யாணராமனுக்கு அப்போதெல்லாம் பெட்பேன் தாமதமாக வந்தது. மணியை அடிப்பார். "வாரேன் சார்" என்ற குரல் வரும், ஆள் வராது. வந்தாலும் பேச்சில்லை, பேப்பர் வாசிக்கச் சொல்வதில்லை. ஒருநாள், "சாந்தா, கோவமா?" என்றார். "எனக்கு என்ன சார் கோவம்? கால்ல மூளை உள்ளவளுக்குக் கோவம் எங்கன இருந்து வரும்?" என்றாள். அவர் தன் வேடிக்கைப் பேச்சை நினைத்து மறுபடி கொஞ்சம் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

பாத்ரூம் நாள் வந்தது. பனி மூடிய காலை. ருக்கு புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்து, ஏதோ கல்யாணத்துக்கு நிற்பவள்போல் பாத்ரூம் வாசலில் நின்றாள். அகல்யா கல்யாணராமன் இடுப்பில், பிடித்துக்கொள்வதற்கான பெல்ட்டைக் கட்டினாள். வீல்சேரில் கதவுவரை கூட்டிப்போனாள். அங்கிருந்து அவர் எழுந்து, சுவரில் இருந்த கம்பியைப் பிடித்து, இழுத்து இழுத்து உள்ளே நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. வார்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். எதிர்க்கட்டில்காரர் கை தட்டினார்.

அகல்யா வீல்சேரைத் திருப்பி, அவர் வெளியே வந்ததும் உட்கார வசதியாகக் கதவோரம் நிறுத்தினாள். குனிந்து வலப்பக்க லீவரைப் போட்டாள். இடப்பக்கம் போடுவதற்குள் உள்ளே இருந்து, "டாக்டர், முடிஞ்சது! வந்துட்டேன்!" என்று குரல் கேட்டது. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் எழுந்துவிடுவாரோ என்று அவள் உள்ளே ஓடினாள்.

சாந்தகுமாரி மருந்துத் தட்டோடு நாற்காலியின் இடப்பக்கம் நின்றிருந்தாள். லீவர் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் பச்சை டேப்.

ஷூவுக்குள் அவள் இடது கால் எழுந்தது. அத்தனை வருஷப் பழக்கம், அவளைக் கேட்காமலே குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. சாந்தகுமாரி அதை அழுத்தித் திரும்பத் தரையில் வைத்தாள். நிஜமாகவே அழுத்த வேண்டியிருந்தது. கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது.

கல்யாணராமன் அகல்யாவின் பிடியில் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ருக்கு, பாத்தியோ! நானே போயிட்டு வந்தேன்!" என்றார். உட்காரத் திரும்பியபோது, பக்கத்தில் சாந்தகுமாரி நிற்பதைப் பார்த்தார். குனிந்து அவள் காலைப் பார்த்தார். பிறகு நிம்மதியாகப் பின்பக்கம் சாய்ந்து, உடம்பை விட்டார்.

நாற்காலி ஒரு பக்கமாகச் சுழன்று விலகியது. பெல்ட் அவிழ்ந்து அகல்யாவின் கையோடு நின்றது. அவர் இடுப்பு பாத்ரூம் வாசற்படியின் விளிம்பில் மோதிய சத்தம் வார்டின் கடைசிவரை கேட்டது. ருக்குவின் கையிலிருந்த புது வேட்டி அவர்மேல் விழுந்தது.

முதலில் ஓடி வந்து தலையைத் தாங்கியவள் சாந்தகுமாரி. நாடி பார்த்தாள், ஸ்ட்ரெச்சருக்குக் கத்தினாள், வலிக்கு ஊசி போட்டாள். அதெல்லாம் அவள் வேலை. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

சாயந்திரம் நடைபாதையில் அகல்யா அவளை மறித்தாள். கண் வீங்கியிருந்தது. "சிஸ்டர், நீங்க பக்கத்துலயேதான நின்னீங்க?"

"நின்னேன்."

"லெஃப்ட் பிரேக் போடலைன்னு பாக்கலையா?"

"பச்சை டேப்பப் பாத்தேன் மேடம்."

அகல்யா திரும்பி மாடிப்படி இறங்கிப் போனாள்.

விசாரணை வைத்தார்கள். சாந்தகுமாரியைக் கேட்டார்கள். "அது பிசியோ நாற்காலி சார். நாங்க தொடக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. டேப் ஒட்டியது யார், உத்தரவு வாங்கியது யார், நர்சைக் கேட்காமல் எழுப்பலாம் என்று கேட்டு வாங்கியது யார் என்று வரிசையாக வந்தபோது, எல்லாவற்றுக்கும் அகல்யாதான் கை தூக்க வேண்டியிருந்தது. லீவரை உதைத்து லூசாக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. விஸ்வநாதன் குனிந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பெயர்ப்பட்டையில் இருந்து டாக்டர் போனது. மாதக் கடைசியில் அகல்யாவே போனாள். பச்சை டேப்பை எல்லாம் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தார்கள். நர்சின் சம்மதம் இல்லாமல் எந்த நோயாளியையும் கட்டிலை விட்டு இறக்கக் கூடாது என்று புது உத்தரவு வந்தது. கூடவே சாந்தகுமாரிக்கு இன்சார்ஜ் பதவியும்.

அதற்குப் பிறகு வந்த பிசியோக்காரர்கள் எல்லோரும் சின்ன வயசு. வாசலில் நின்று, "சிஸ்டர், நாலாம் பெட்டை இன்னிக்கு நிக்க வைக்கலாமா?" என்று கேட்பார்கள். சாந்தகுமாரி நோயாளியை ஒரு பார்வை பார்ப்பாள். "இன்னிக்கு வேண்டாம்" என்பாள். தலையணைகள் முழங்காலுக்குக் கீழே திரும்பி வந்துவிட்டன.

கல்யாணராமனின் இடுப்பில் தகடு வைத்தார்கள். வாதம் வந்த பக்கமே உடைந்ததால் அவரை அதற்குமேல் யாரும் நிற்க வைத்துப் பார்க்கவில்லை. முனீர்கா வீட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வர மாட்டாள். ருக்குவால் ஒண்டியாக அவரைப் புரட்ட முடியவில்லை. யாரைக் கேட்பது? அன்றைக்கு ஓடி வந்து தலையைத் தாங்கியவளைத்தான் கேட்டாள். "நீதான் சாந்தா எங்களுக்கு. அந்தப் பாவி பொண்ணு பண்ணின காரியத்துக்கு நீ வந்து கஷ்டப்படறே" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அழாதீங்க மாமி. நான் வாரேன்" என்றாள் சாந்தகுமாரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை அறைக்குள் வந்து, கட்டிலைத் தொடுவதற்கு முன் இடது காலால் பிரேக்கைத் தட்டினாள். 'டக்.'

கல்யாணராமன் கண்ணைத் திறந்தார். ருக்கு சமையலறையில் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தா," என்றார், தாழ்ந்த குரலில். "அன்னிக்கு நான் உன் காலைப் பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."

"தெரியும் சார்."

"ஏன் தட்டலை?"

"அது பிசியோ நாற்காலி சார்." அவர் வேட்டியைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள். "நீங்களும்தான் அன்னிக்குச் சிரிச்சீங்க."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். ருக்கு டம்ளரை ஆற்றும் சத்தம் கேட்டது. கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் சாந்தகுமாரி அடுத்த ஞாயிறு வர மாட்டாள். வராவிட்டால் திங்கட்கிழமை ஆயா வரும்வரை நனைந்த துணியிலேயே கிடக்க வேண்டும். அவர் கையை நீட்டித் தலைமாட்டிலிருந்த பேப்பரை எடுத்து, விரித்து, முகத்தை மூடிக்கொண்டார்.

"சத்தமா வாசிங்க சார்" என்றாள் சாந்தகுமாரி.

அவர் வாசிக்கவில்லை.

அகல்யா இப்போது குருகிராமில் பணக்காரர்கள் வீடுகளுக்குப் போய் மூட்டுவலிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பவில்லை. கல்யாணராமன் அதன் பிறகு ஒருமுறைகூட பாத்ரூமுக்குப் போகவில்லை. சாந்தகுமாரி வார்டு இன்சார்ஜாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முனீர்காவுக்குப் போகிறாள், ருக்கு அவளுக்குக் காப்பி கொடுக்கிறாள்.